எரியாமல் தப்பிய ஓடைக்காட்டை என்ன செய்வது?

பக்கத்து அடுக்குமாடியில் இருக்கிற தம்பி ஒருவர் போன வாரம் கேட்டார். ஊவாப் பக்கம் ஒரு மலைச்சரிவு ஓகஸ்ட் மாதம் எரிந்து கறுத்துப்போயிருக்கிறது. நடுவில் ஓடையை ஒட்டி நாலைந்து ஏக்கர் காடு மட்டும் பச்சையாக நிற்கிறது. அதற்குள் மரையின் குளம்படி, குருவிச் சத்தம். வெள்ளவத்தையிலிருந்து பதினைந்து பேர் சேர்ந்து போய் அங்கே தண்ணீர்த் தொட்டி வைத்து, மரக்கறி போட்டு, அடிக்காட்டைத் துப்புரவாக்கி, ஆயிரம் கன்று நடலாமா என்பதுதான் கேள்வி. மாடிப்படியில் நின்று சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

தம்பி, முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொட்டி வேண்டாம், மரக்கறி வேண்டாம், கன்று இப்போது வேண்டாம், துப்புரவு வேண்டவே வேண்டாம். ஆனால் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. போய்ச் செய்ய வேலை இருக்கிறது, நீங்கள் நினைத்த வேலை அல்ல, அவ்வளவுதான்.

அந்தத் துண்டைப் பார்த்ததும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது ஏன் எரியவில்லை? இதற்குப் பதில் தெரியாமல் அங்கே ஒரு கத்தியைக்கூட எடுக்கக்கூடாது என்பது என் கட்சி.

ஊவாவில் தென்மேற்குப் பருவக்காற்று எப்படி வருகிறது என்று பாருங்கள். நுவரெலியாப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு மலையைத் தாண்டி இறங்கும்போது அது வறண்ட காற்றாகிவிடுகிறது. ஜூன் முதல் செப்டெம்பர் வரை பண்டாரவளை, எல்லப் பக்கத்துப் பத்தனாப் புல்வெளிகளும் மானாப்புல்லும் வைக்கோல்போலக் காய்ந்து கிடக்கும். யாரோ ஒருவர் நெருப்பு வைக்கிறார். நம் நாட்டுக் காட்டுத்தீயில் மனிதர் கைபடாதது மிகமிக அரிது. வேட்டைக்காரர் இளம்புல் முளைக்கட்டும், மரையும் மானும் மேய வரட்டும் என்று வைப்பார். மாட்டுக்காரரும் அப்படித்தான். சிலர் சும்மா விளையாட்டுக்கு வைப்பார்கள். தீ மேட்டை நோக்கி ஓடும். மேலே இருக்கிற புல்லை வெப்பம் முன்கூட்டியே காயவைத்துவிடுவதால் சரிவு 10 பாகை கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்று தீயணைப்பவர்கள் ஒரு கைக்கணக்கு வைத்திருக்கிறார்கள். ஓடைப் பள்ளத்தில் நிலைமை வேறு. நிழல், ஈரச் சருகு, குளிர்ந்து கீழே தேங்குகிற காற்று. தீ விளிம்பு வரை வந்து நக்கிப் பார்த்துவிட்டுப் போய்விடும். (எல்லாப் பள்ளமும் அப்படி இல்லை. ஒடுங்கிச் செங்குத்தாக ஏறுகிற பள்ளம் சில நேரம் புகைபோக்கிபோலத் தீயை இழுக்கும். பள்ளம் என்றாலே பாதுகாப்பு என்று நம்பித் தீ நேரத்தில் அதற்குள் இறங்கிவிடாதீர்கள்.)

இது ஒரு வகை. இன்னொரு வகை வெறும் அதிர்ஷ்டம். காற்று திடீரென்று திரும்பியிருக்கும். இருட்டி ஈரப்பதன் ஏறியிருக்கும். நடைபாதை ஒன்று குறுக்கே இருந்திருக்கும். தோட்டத்து ஆட்கள் பச்சைக் கிளையால் அடித்து நிறுத்தியிருப்பார்கள். பார்வைக்கு இரண்டும் ஒரே பச்சைதான். ஆனால் முதல் வகை நூறு வருடமாகத் தப்பி வந்த இடமாக இருக்கலாம். இரண்டாவது, அடுத்த ஓகஸ்டில் எரியப்போகிற விறகு.

எப்படிப் பிரித்தறிவது? உள்ளே போய் அடிமரங்களைப் பாருங்கள். தடித்த பாசி, மரம்போல் உயர்ந்த பன்னம், இருவர் கட்டிப்பிடிக்க வேண்டிய மரங்கள், காலை வைத்தால் புதைகிற மக்கிய சருகு இருந்தால் அது பழைய புகலிடம். மானாப்புல்லும் நாயுண்ணியும் விளிம்பைத் தாண்டி உள்ளே வந்திருந்தால், மரங்களின் அடியில் பழைய கருக்கல் தழும்பு இருந்தால், அது அதிர்ஷ்டத்தில் நிற்கிறது. ஆங்கிலத்தில் ஃபயர் ரெஃபூஜியா என்று இரண்டையும் ஒரே பெயரில் அழைத்தாலும், நிலைத்த புகலிடம் வேறு, தற்காலிகப் புகலிடம் வேறு என்று ஆய்வாளர்களும் பிரித்துத்தான் பேசுகிறார்கள். முதல் வகையைத் தொடாமல் காவல் காக்க வேண்டும். இரண்டாவதைச் சுற்றியுள்ள எரிபொருளைக் குறைக்க வேண்டும். சுற்றி என்று சொன்னேன், உள்ளே அல்ல.

இந்த 'உள்ளே அல்ல' எனக்குப் பட்டுத் தெளிந்த பாடம். இருபத்தைந்து வயதில் நானும் உங்களைப்போல ஒரு கூட்டத்தோடு போனவன்தான். எரியாத ஒரு துண்டைக் காப்பாற்றுகிறோம் என்று இரண்டு நாள் தங்கி அடிக்காட்டை வெட்டி, சருகை வாரி, விழுந்து கிடந்த மரத்தை எல்லாம் இழுத்து வெளியே போட்டோம். பூங்காபோல அழகாக இருந்தது, படம்கூட எடுத்தோம். ஆறு மாதத்தில் வெயில் தரை வரை இறங்கியது, மண் காய்ந்தது, விளிம்பிலிருந்து புல் உள்ளே நடந்து வந்தது. அடுத்த வறட்சியில் பக்கத்துச் சரிவில் பற்றிய தீ நேராக உள்ளே போய்விட்டது. அந்த இடத்தைத் தீயிலிருந்து காத்துவந்ததே நாங்கள் குப்பை என்று வாரிக் கொட்டிய ஈரச் சருகுதான். இதைச் சொல்ல எனக்கு இன்றும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

சரி, அதற்குள் யார் இருக்கிறார்கள்? நீங்கள் மரையைப் பார்த்தீர்கள். அது பெரிது, கண்ணில் படும், ஓடவும் தெரியும். ஓடத் தெரியாதவைதான் அந்தத் துண்டை முழுதாக நம்பி இருப்பவை: தவளை, ஓணான், நத்தை, தேவாங்கு, தரையில் கூடு வைக்கிற குருவி. நம் மலைகளில் இது சின்ன விஷயம் இல்லை. நக்கிள்ஸ் மலைத்தொடரில் ஓர் இலைமூக்கு ஓணான் இருக்கிறது, உலகத்தில் வேறெங்கும் இல்லை. இப்படி ஒரு மலைக்கு மட்டுமே சொந்தமான உயிர் இருக்கிற பள்ளம் எரிந்தால், திரும்பக் குடிவர வெளியிலிருந்து ஆள் கிடையாது. எரிந்த பக்கத்தையும் செத்த இடம் என்று நினைக்காதீர்கள். மண் நல்ல காப்பு. தரைக்கு மேலே தீ பறக்கும்போதும் ஒரு சாண் ஆழத்தில் பெரிய சூடு இருக்காது. அழுங்கின் வளை, முள்ளம்பன்றியின் பொந்து, கறையான் புற்று, பாறை இடுக்கு எல்லாமே சின்னச் சின்னப் புகலிடங்கள். அவுஸ்திரேலியாவில் வொம்பேட் என்கிற குட்டைக்கால் பிராணி தோண்டிய வளைகளைத் தீக்குப் பிறகு வேறு பல பிராணிகள் பயன்படுத்தியதைக் கமெராவில் பதிவு செய்திருக்கிறார்கள். ஆகவே பதினைந்து பேர் சப்பாத்தோடு அந்தச் சாம்பல் சரிவில் குறுக்கும் நெடுக்கும் நடப்பது, கூரை மேல் நடப்பது மாதிரி.

இப்போது உங்கள் மரக்கறி. 2019-20 அவுஸ்திரேலியத் தீயில் ஏறக்குறைய 300 கோடி முதுகெலும்பு விலங்குகள் செத்தோ இடம்பெயர்ந்தோ போயிருக்கும் என்று மதிப்பிட்டார்கள். அந்த நேரம் நியூ சவுத் வேல்ஸ் அரசு ஹெலிகொப்டரிலிருந்து கரட்டும் வற்றாளைக் கிழங்கும் கொட்டிய படம் உலகமெல்லாம் சுற்றியது. உங்கள் மனதிலும் அதுதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அது பாறை வலபி என்ற, கங்காரு மாதிரியான சின்னப் பிராணி ஒரே இனத்துக்கு, அவை எந்தக் குன்றில் எத்தனை இருக்கின்றன என்று முன்பே கணக்கு வைத்திருந்தவர்கள் செய்தது. தீயில் தப்பி, குன்றை விட்டு இறங்க முடியாமல், சுற்றிலும் மேய ஒன்றும் இல்லாமல் மாட்டிக்கொண்ட பிராணிகள் அவை. நம் ஓடைக்காட்டில் மரக்கறிக் குவியல் வைத்தால் முதலில் வருவது காட்டுப்பன்றியும் குரங்கும். இரண்டாவது வருவது ஊர் நாய். மூன்றாவது வருவது துவக்கோடு ஒரு மனிதன், ஏனென்றால் மரை எந்த இடத்துக்கு எத்தனை மணிக்கு வரும் என்பதை நீங்களே அவனுக்கு நிர்ணயித்துக் கொடுத்திருப்பீர்கள்.

இந்த மூன்றாமவன்தான் எனக்குத் தீயைவிடப் பெரிய கவலை. தீக்குப் பிறகு பிராணிகள் ஒரு சின்ன இடத்தில் நெருக்கியடித்து நிற்கும். மறைவு குறைவு, பசி அதிகம். கொல்கிறவனுக்கு அதைவிட வசதி வேறு வேண்டுமா? வட அவுஸ்திரேலியாவில் கழுத்துப்பட்டி மாட்டி ஆராய்ந்த, காடேறிவிட்ட வீட்டுப் பூனைகள், புதிதாய் எரிந்த இடத்தைத் தேடித் தங்கள் எல்லையை விட்டுப் பன்னிரண்டு கிலோமீற்றர் வரை நடந்து போயிருக்கின்றன. கங்காரு தீவில் 2020இல் மேற்குப் பக்கம் எல்லாம் எரிந்தபோது, டன்னார்ட் என்கிற சுண்டெலியளவு பிராணி மிஞ்சியிருந்த எரியாத துண்டைச் சுற்றிப் பூனை தாண்டாத வேலி அடித்தார்கள். தண்ணீரும் சாப்பாடும் கொடுப்பதற்கு முன்னால் அவர்கள் யோசித்தது வேலியை.

நமக்கு வேலி கட்டுப்படியாகாது. நம் எதிரி பூனையும் இல்லை, நாயும் கம்பிச் சுருக்கும்தான். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத்தில் ஒரு கரும் சிறுத்தை கம்பிச் சுருக்கில் மாட்டி, சில நாளில் செத்துப்போனது உங்களுக்கு நினைவிருக்கும். பன்றிக்கு வைத்தது என்பார்கள். சுருக்குக்குப் பன்றி எது, சிறுத்தை எது என்று தெரியாது. எரியாத துண்டுக்குள் நுழைகிற விலங்குப் பாதைகள் தீக்குப் பிறகு இரண்டு மூன்றாகச் சுருங்கிவிடும். சுருக்கு வைப்பவன் அந்த வாயில்களில்தான் வைப்பான். ஆகவே முதல் மூன்று நாலு மாதத்துக்கு அந்த வாயில்களை யாராவது அடிக்கடி நடந்து பார்ப்பது, ஆயிரம் கன்றுக்குச் சமம்.

யார் நடப்பது? கொழும்பிலிருந்து மாதம் ஒரு முறை போகிற நீங்கள் இல்லை. இதற்கு ஆள் அங்கேயே இருக்கிறார்கள். பதுளைப் பக்கம் தோட்டங்களில் லயன் வீடுகளுக்கும் கீழே கிராமங்களுக்கும் குடிநீர் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் இப்படிப்பட்ட ஓடைப் பள்ளத்தில் ஒரு சின்ன அணை, அதிலிருந்து கறுப்புக் குழாய். நீங்கள் விலங்குகளின் புகலிடம் என்று சொல்கிற இடம் அவர்களுக்குத் தண்ணீர் வாய். ஒக்டோபரில் மழை பிடித்ததும் எரிந்த சரிவிலிருந்து சாம்பலும் மண்ணும் அடித்துக்கொண்டு ஓடைக்குத்தான் வரும். பச்சையாக நிற்கிற அந்தத் துண்டுதான் அதைத் தடுக்கிற வடி. குழாயைப் பார்க்க மேலே போகிற ஐயாவிடம் பேசுங்கள். தேவாங்கைப் பற்றி உரை நிகழ்த்த வேண்டாம், தண்ணீரைப் பற்றிப் பேசுங்கள். அவருக்கு ஏற்கெனவே உங்களைவிட அதிகம் தெரியும். தோட்டத்து நாய்களைக் கட்டி வைக்க, கண்ணில் பட்ட சுருக்கைப் பற்றிச் சொல்ல, புகை கண்டதும் சத்தம் போட அவர்களால்தான் முடியும். தண்ணீர்த் தொட்டி பற்றியும் இதையே சொல்வேன்: ஓடையில் தண்ணீர் ஓடுகிற வரை விலங்குக்குத் தொட்டி தேவை இல்லை. ஓடவில்லை என்றால் மேலே எல்லாத் தண்ணீரையும் குழாயில் எடுக்கிறார்கள் என்று அர்த்தம், கொஞ்சத்தை ஓடையில் விடச் சொல்லிப் பேசிப் பார்க்கலாம். பக்கம் வழுக்குகிற பிளாஸ்டிக் பேசினில் ஓணான் மூழ்கிச் செத்துக் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

கன்றுக்கு வருவோம். எரியாத துண்டுக்குள் நட இடமே இல்லை, அது ஏற்கெனவே காடு. எரிந்த சரிவு இயல்பான பத்தனாப் புல்வெளி என்றால் அங்கே மரம் நடுவது இன்னொரு தவறு. மலைநாட்டுப் புல்வெளிகளில் எழுபதுகளில் தொடங்கி பைனஸ் நட்டதன் பலனை இன்றும் ஊசியிலைச் சருகாகவும் தீயாகவும் அனுபவிக்கிறோம். காடாக இருந்து எரிந்த இடம் என்றால், முதல் ஒன்றிரண்டு மழைக்கு விட்டுப் பாருங்கள். பச்சைத் துண்டிலிருந்து புல்புல்லும் வௌவாலும் விதை கொண்டுவரும், துண்டுக்குக் கிட்ட வேகமாகவும் தள்ளிப் போகப் போக மெதுவாகவும் முளைக்கும். கருகி நிற்கிற மரங்களை விறகுக்கு வெட்ட விடாதீர்கள். குருவி வந்து உட்கார்ந்து எச்சமிட அவைதான் கொப்பு, மரங்கொத்திக்கு அவைதான் சாப்பாட்டுக் கடை. பிறகும் ஒன்றும் வராத இடத்தில், அந்தப் பள்ளத்து மரங்களின் விதையிலிருந்தே கன்று வளர்த்து, வனத் திணைக்களத்தின் அனுமதியோடு நடலாம்.

இந்த இடத்தில் ஒரு வாதம் வரும்: 1988இல் அமெரிக்காவின் யெலோஸ்டோன் பூங்காவில் 36 வீதம் எரிந்தது, தானாக முளைத்துவிட்டது, தீ இயற்கைதானே என்று. அங்கே எரிந்ததும் எரியாததும் திட்டுத் திட்டாகக் கலந்து கிடந்தன, அதனால் விதை தூரம் போக வேண்டி இருக்கவில்லை, உண்மைதான். ஆனால் அங்கே இருக்கிற ஒரு வகைப் பைன் மரத்தின் காய்கள் பல, தீயின் சூட்டில்தான் திறந்து விதையைக் கொட்டும். அது தீயோடு வளர்ந்த காடு. நம் மேகக் காட்டு மரங்களுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. தோல் மெல்லியது, ஒரு தரைத்தீ போதும். அங்கத்தேய நிம்மதியை இங்கே இறக்குமதி செய்யக் கூடாது.

அப்போ கொழும்பில் இருக்கிற பதினைந்து பேர் என்ன செய்வது? மேசையில் உட்கார்ந்து செய்யக்கூடிய, அங்கே யாருக்கும் செய்ய நேரம் இல்லாத வேலை ஒன்று இருக்கிறது. சென்டினல்-2 செய்மதிப் படங்கள் இலவசம், ஐந்து நாளுக்கு ஒரு முறை, ஒரு புள்ளிக்குப் பத்து மீற்றர். ஓர் ஏக்கருக்கு ஏறக்குறைய நாற்பது புள்ளி விழும், உங்கள் துண்டு தாராளமாகத் தெரியும். தீக்கு முன்னும் பின்னும் எடுத்து ஒப்பிட்டு எரியாத துண்டுகளை வரையுங்கள். பிறகு லேண்ட்சாட் என்ற செய்மதியின் பழைய படங்களுக்குப் போங்கள். முப்பது மீற்றர்ப் புள்ளிதான், ஆனால் எண்பதுகள் வரை பின்னால் போகலாம். எந்தெந்த வருடம் அந்தச் சரிவு எரிந்தது, எந்தத் துண்டு ஒவ்வொரு முறையும் தப்பியது என்று பார்த்தால், நான் மேலே கேட்ட 'ஏன் எரியவில்லை' என்ற கேள்விக்குப் பாதிப் பதில் கைக்கு வந்துவிடும். மேகம் தொல்லை தரும், பொறுமை வேண்டும். அப்புறம், மேலே மரமுடி பச்சையாக இருந்து கீழே அடிக்காடு எரிந்திருந்தால் படம் ஏமாற்றும். அதற்குத்தான் இரண்டு மூன்று பேர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று பேர் போதும், பதினைந்து வேண்டாம். ஒதுக்கப்பட்ட காட்டுக்குள் அனுமதி இல்லாமல் போவது குற்றம், ஆகவே பிரதேச வன அலுவலகத்தில் முதலில் கேளுங்கள்.

அந்த வரைபடம் எதற்கு என்றால், அடுத்த தீக்கு. 2020 ஜனவரியில் நியூ சவுத் வேல்ஸில் வொலெமி பைன் என்ற, காட்டில் இருநூறுக்கும் குறைவாகவே மிஞ்சியிருந்த மரக்கூட்டத்தைக் காப்பாற்றினார்கள். விமானத்திலிருந்து தீத்தடுப்பு மருந்து தெளித்து, ஆட்களை இறக்கி நீர்தெளி குழாய் போட்டு, தீ வருவதற்குள் ஈரமாக்கினார்கள். அந்தப் பள்ளம் எங்கே இருக்கிறது என்று முன்பே தெரிந்திருந்ததால்தான் அது முடிந்தது. நம் விமானப்படையும் பெல் 212 ஹெலிகொப்டரில் வாளி கட்டித் தண்ணீர் கொட்டுகிறது. பத்து வாளி கிடைத்தால் எங்கே கொட்டுவது? புல்வெளியில் கொட்டினால் மூன்று மாதத்தில் முளைக்கப்போகிற புல்லைக் காப்பாற்றியதாகும். பள்ளத்தின் வாயில் கொட்டினால் கதை வேறு. தீயை நிறுத்துகிற அவசரத்தில் இடையில் நிற்கிற பச்சைத் துண்டை எதிர்த்தீ வைத்து எரித்துவிடுகிற வழக்கமும் பல நாடுகளில் உண்டு, ஏனென்றால் அது தீயணைப்பவர் கண்ணுக்கு இன்னும் எரியாத விறகு. வரைபடம் கையில் இருந்தால் அங்கே ஒரு நிமிடம் யோசிப்பார்கள். பள்ளத்தின் வெளி விளிம்பில் சில மீற்றர் அகலத்துக்கு மானாப்புல்லை மே மாதத்தில் செதுக்கிவிட வேண்டிய இடம் எது என்பதும் அதில் தெரியும்.

வரைபடத்தை முகநூலில் மட்டும் போடாதீர்கள். வேட்டைக்காரருக்கும் போன் இருக்கிறது.

இன்னொன்று. இதற்காகப் பதுளை ரயிலில் ஒரு நாளைத் தொலைக்க முடியாதவர்களுக்குப் பக்கத்திலேயே பாடம் இருக்கிறது. கொழும்பு 2018இல், ஈரநிலங்களுக்கான ராம்சார் சர்வதேச உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரம் என்று அங்கீகாரம் பெற்றது. அதே கொழும்பின் வடக்கே முத்துராஜவெலவும் தெற்கே பெல்லன்வில-அத்திடியவும் வறண்ட மாதங்களில் தீப்பிடித்த செய்தி வருகிறது. அங்கே நாணலுக்குக் கீழே கரிமண், அதாவது அரைகுறையாய் மக்கிய செடிகொடி. தண்ணீர் வடிந்து அது காய்ந்தால் தீ மண்ணுக்குள்ளேயே நாட்கணக்கில் புகையும், மேலே அணைந்ததுபோல இருக்கும். சதுப்பில் எரியாமல் நிற்கிற துண்டு என்றால் தண்ணீர் தேங்கிய துண்டுதான். மீன்பிடிப் பூனையும் நீர்க்கோழியும் அங்கேதான் ஒதுங்கும். ஆகவே சதுப்பில் புகலிடத்தைப் பராமரிப்பது என்றால் நீர்மட்டத்தைப் பராமரிப்பது, வேறு வித்தை கிடையாது. உங்கள் குழுவில் பாதிப் பேர் சனிக்கிழமை காலையில் அத்திடியவுக்குப் போய், எந்த மூலையில் மார்ச் மாதத்திலும் தண்ணீர் நிற்கிறது என்று குறித்து வரலாம்.

தீ கண்டால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு, காயப்பட்ட விலங்கு கண்டால் வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு எடுங்கள். நீங்களே தூக்கித் துணியில் சுற்றி வாகனத்தில் ஏற்றிக்கொண்டு வராதீர்கள், முக்கியமாகத் தேவாங்கை.

கன்றுக்கென்று சேர்த்த காசைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். குழாய் பார்க்கப் போகிற ஐயாவோடு இன்னும் இரண்டு பேர் மூன்று மாதம் வாரம் இருமுறை அந்த வாயில்களை நடந்து பார்க்க, அவர்களுக்கு ஒரு நாள் சம்பளம் கொடுக்கலாம். வன அலுவலகத்துக்குத் தெரிவித்துவிட்டுச் செய்யுங்கள். ஒக்டோபர் மழை இறுகுவதற்குள் முதல் படத்தை எடுத்துவிடுங்கள், பிறகு மேகம் விடாது. எடுத்ததும் என் வீட்டுக்குக் கொண்டு வாருங்கள், எந்தப் பச்சை உண்மையான பச்சை என்று சேர்ந்து பார்ப்போம்.